வெட்டும் இடம்: வெள்ளைக்கழிச்சல் வைரஸ் கோழியின் செல்லுக்குள் என்ன செய்கிறது?

கோழி வளர்ப்பவர்களுக்கு லசோட்டா தெரியும். குடிதண்ணீரில் கலந்து குஞ்சுகளுக்குக் கொடுக்கும் தடுப்பு மருந்து. அந்தக் குப்பியில் இருப்பது உயிருள்ள வைரஸ். எந்த நோயைத் தடுக்க அதைக் கொடுக்கிறோமோ, அதே வெள்ளைக்கழிச்சல் நோயின் வைரஸ். கொட்டகைக்குள் புகுந்து ஒரு வாரத்தில் மொத்தக் கூட்டத்தையும் சாய்த்துவிடும் வைரஸும் இதுவும் ஒரே இனம். ஒன்றுக்கு எதிராகக் கோழி உண்டாக்கும் எதிர்ப்பொருள் மற்றதையும் பிடிக்கும். அப்படியிருக்க, லசோட்டா கொடுத்த குஞ்சு இரண்டு நாள் லேசாகத் தும்மிவிட்டுத் தீவனம் எடுக்கிறது. மற்றது தாக்கிய கோழி கழுத்து திருகி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து சாகிறது. ஏன் இந்த வேறுபாடு?

விடையின் பெரும்பகுதி, வைரஸின் ஒரு புரதத்தில் உள்ள மிகச் சிறிய ஒரு துண்டில் இருக்கிறது. அந்தத் துண்டை வெட்டுவது வைரஸ் அல்ல, கோழியின் சொந்தப் புரதம். எந்தப் புரதம், உடம்பில் எந்த இடத்தில் வெட்டுகிறது என்பதைப் பொறுத்தே குஞ்சு பிழைப்பதும் சாவதும் அமைகிறது. இதைப் புரிந்துகொண்டால், கால்நடை மருத்துவர் வேறொரு தடுப்பூசியைக் காட்டி "இந்த ஊசியை எட்டு வாரத்துக்கு முன் போடாதீர்கள்" என்று சொல்வதற்கும் காரணம் விளங்கும்.

இந்த நோய் 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியிலும் முதலில் பதிவானது. உலகம் அதனால் அதை நியூகாசில் நோய் என்கிறது. ஓரிரு ஆண்டுகளில் குமாவுன் மலையில் இருக்கும் ராணிக்கெட்டிலும் கண்டறியப்பட, இந்தியாவில் ராணிக்கெட் நோய் ஆயிற்று. பண்ணையாளர்கள் சுருக்கமாக ஆர்.டி. என்பார்கள். நம் ஊர்களில் வெள்ளைக்கழிச்சல். சில இடங்களில் கோழிக்கழிச்சல்.

வைரஸ் என்று பார்த்தால் மிக எளிய பொருள். சுமார் 15,000 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை, அதில் ஆறு மரபணுக்கள், சுற்றிலும் ஒரு கொழுப்பு உறை. அந்த உறையும் அதன் சொந்தம் அல்ல. முன்பு தாக்கிய கோழி செல்லின் மேற்சவ்விலிருந்து எடுத்துக்கொண்டு வந்தது. உறையின் மேல் இரண்டு வகைப் புரதங்கள் முள்போல நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்றின் பெயர் எச்.என்., மற்றொன்று எஃப். ஆயிரக்கணக்கான மரபணுக்கள் கொண்ட கோழியின் செல்லை ஆறே மரபணு வைத்திருக்கும் வைரஸ் தன்வசப்படுத்த வேண்டும் என்றால் ஒரே வழிதான் உண்டு: கோழி ஏற்கெனவே செய்துவைத்திருக்கும் புரதங்களைத் தன் வேலைக்குப் பயன்படுத்துவது, தனக்கு எதிராக வேலை செய்யும் புரதங்களை முடக்குவது. இந்த நோயின் வரலாறு முழுவதும் இந்த இரண்டும்தான்.

முதலில் ஒட்டுவது. கோழியின் மூச்சுக்குழாய், குடல் ஆகியவற்றின் உட்பூச்சு செல்களின் வெளிப்புறத்தில் நிறையப் புரதங்கள் உண்டு. அவற்றின் நுனிகளில் சர்க்கரைச் சங்கிலிகள் தொங்குகின்றன. சங்கிலியின் கடைசியில் சியாலிக் அமிலம் இருக்கும். எச்.என். அதைப் பற்றிக்கொள்கிறது. கோழியின் சிவப்பணுவிலும் சியாலிக் அமிலம் உண்டு. ஆகவே வைரஸைச் சிவப்பணுக்களோடு கலந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு திரள்கின்றன. நாமக்கல் பண்ணையாளர்கள் இரத்த மாதிரி அனுப்பி "டைட்டர்" பார்க்கிறார்களே, அந்தச் சோதனை இதைத்தான் அடிப்படையாகக் கொண்டது. தடுப்பூசி போட்ட கோழியின் சீரத்தைச் சேர்த்தால், அதிலுள்ள எதிர்ப்பொருள் எச்.என்.னை மூடிவிடுகிறது, அணுக்கள் திரளுவதில்லை. சீரத்தை எத்தனை மடங்கு நீர்க்கச் செய்த பிறகும் இந்தத் தடுப்பு நிற்கிறது என்பதே டைட்டர். எச்.என். புரதத்துக்கும் கோழியின் சியாலிக் அமிலத்துக்கும் உள்ள பிடிப்பை அந்த எதிர்ப்பொருளால் எவ்வளவு தூரம் தடுக்க முடியும் என்பதை அந்த எண் சொல்கிறது.

எச்.என்.னுக்கு இன்னொரு வேலையும் உண்டு. உள்ளே பெருகி வெளியே வரும் புது வைரஸ்கள் அதே சியாலிக் அமிலத்தில் சிக்கிக்கொண்டு நின்றுவிடக் கூடாதல்லவா? அதற்காக எச்.என். அந்தச் சர்க்கரையை அறுக்கவும் செய்கிறது. ஒரே புரதம் பிடிக்கவும் செய்கிறது, விடுவிக்கவும் செய்கிறது.

ஒட்டினால் போதாது, உள்ளே போக வேண்டும். அது எஃப் புரதத்தின் வேலை. இந்தக் கட்டுரையின் மையமும் அதுதான். வைரஸின் உறையையும் செல்லின் சவ்வையும் இணைத்து ஒன்றாக்கும் புரதம் எஃப். ஆனால் செல்லுக்குள் முதலில் உருவாகும்போது அது செயலற்ற ஒரே நீளச் சங்கிலி. அதன் 116-ஆவது, 117-ஆவது அமினோ அமிலங்களுக்கு நடுவில் வெட்டு விழுந்தால்தான் அதற்கு உயிர் வரும். எலிப்பொறியை நினைத்துக்கொள்ளுங்கள்: கம்பியை இழுத்து மாட்டாத பொறி வெறும் பலகை. வெட்டு விழுவது கம்பியை மாட்டுவது. அதற்குப் பிறகு எச்.என். சியாலிக் அமிலத்தைப் பற்றிய கணத்தில் பொறி விடுபடுகிறது, எஃப்பின் மறைந்திருந்த முனை செல்லின் சவ்வுக்குள் பாய்கிறது, இரண்டு சவ்வுகளும் கலக்கின்றன, வைரஸின் ஆர்.என்.ஏ. உள்ளே இறங்குகிறது.

இந்த வெட்டைப் போடும் கருவி வைரஸிடம் இல்லை. கோழியிடம் இருக்கிறது.

வெட்டும் இடத்துக்கு முன்னால் இருக்கும் அமினோ அமிலங்களில்தான் சூட்சுமம். லசோட்டா போன்ற மிதமான வைரஸ்களில் 112 முதல் 117 வரை கிளைசின், ஆர்ஜினின், குளூட்டமின், கிளைசின், ஆர்ஜினின், லியூசின் என்று வரிசை போகிறது. ஆர்ஜினின்கள் தனித்தனியாக நிற்கின்றன. இப்படிப்பட்ட இடத்தை டிரிப்சின் வகை நொதிகளால்தான் வெட்ட முடியும். அவை கோழியின் மூச்சுக்குழாயிலும் குடலிலும் கிடைக்கும். மூளையிலோ மண்ணீரலிலோ இதயத்திலோ கிடைக்காது. ஆகவே லசோட்டா மூச்சுக்குழாயில் பெருகுகிறது, குஞ்சு தும்முகிறது, உடம்பு எதிர்ப்பொருளைச் செய்துகொள்கிறது. வைரஸ் அதற்கு மேல் போக முடிவதில்லை. இரத்தத்தில் கலந்து வேறு உறுப்புக்குப் போனாலும் அங்கே உருவாகும் எஃப் வெட்டப்படாமலே கிடக்கிறது.

கொல்லும் வைரஸ்களில் அதே இடத்தில் ஆர்ஜினினும் லைசினும் நெருக்கமாகக் குவிந்திருக்கின்றன. 117-ஆவது இடத்தில் லியூசினுக்குப் பதில் ஃபினைல்அலனின். இந்த வரிசையை ஃபியூரின் என்ற நொதி அடையாளம் கண்டுகொள்ளும். ஃபியூரின் கோழியின் ஏறக்குறைய எல்லா வகைச் செல்களிலும் இருக்கிறது. ஹார்மோன்களும் வளர்ச்சிப் புரதங்களும் முதலில் நீளச் சங்கிலிகளாகத்தான் உருவாகின்றன. அவற்றை உரிய இடத்தில் வெட்டிப் பயனுள்ளதாக்குவது ஃபியூரினின் அன்றாட வேலை. வைரஸின் எஃப் அந்த வரிசையில் வந்து நிற்கும்போது, ஃபியூரின் அதையும் வெட்டி அனுப்பிவிடுகிறது. இனி மூளை, மண்ணீரல், குடல், கருமுட்டைப் பகுதி என்று எங்கே போனாலும் வைரஸ் ஆயத்தமாகவே வெளிவரும். கழுத்து திருகுவது, இறக்கை தொங்குவது, முன்னிரைப்பையின் உட்புறத்தில் இரத்தப்புள்ளிகள், முட்டை நின்றுபோவது என நாம் காணும் குறிகள் எல்லாம் அந்த ஒரு வெட்டு உடம்பு முழுதும் சாத்தியமானதன் விளைவுகள்.

இதை 1976-இல் ஜெர்மனியின் கீசென் நகரில் நாகாய், கிளெங்க், ராட் ஆகிய மூவர் தெளிவாகக் காட்டினார்கள். அறுதியான சான்று 1999-இல் நெதர்லாந்திலிருந்து வந்தது. லசோட்டாவின் மரபணுவை ஆய்வகத்தில் முழுதாகக் கட்டி, வெட்டும் இடத்தை மட்டும் கொடிய வைரஸின் இடம்போல மாற்றிப் பார்த்தார்கள். நோயின் வீரியத்தை அளக்க ஒரு நாள் குஞ்சின் மூளையில் வைரஸைச் செலுத்தி எட்டு நாள் கவனிக்கும் அளவுகோல் ஒன்று உண்டு. சுழியத்திலிருந்து 2 வரை போகும், 0.7-உம் அதற்கு மேலும் கொடியது. லசோட்டாவுக்கு இருந்த சுழியம், அந்த மாற்றத்துக்குப் பிறகு 1.28 ஆனது. தடுப்பு மருந்தாக இருந்த வைரஸ், ஒரு சில அமினோ அமிலங்களால் கொடியதாயிற்று. அதே சமயம் அது 2-ஐத் தொடவில்லை என்பதையும் கவனியுங்கள். வெட்டும் இடம் பெரிய காரணம். ஒரே காரணம் அல்ல.

ஆய்வகத்தில் செய்து காட்டியது இயற்கையிலும் நடந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னியைச் சுற்றியுள்ள பண்ணைகளில் 1998-இல் கொடிய நியூகாசில் நோய் வெடித்தது. எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்த வைரஸாக இருக்கும் என்றுதான் நினைத்தார்கள். பிரித்துப் பார்த்தபோது அது அங்கேயே அமைதியாகச் சுற்றிக்கொண்டிருந்த மிதமான வைரஸின் வாரிசு. எஃப் மரபணுவில் இரண்டே எழுத்துகள் மாறியிருந்தன: ஒரு கிளைசின் ஆர்ஜினினாகவும், லியூசின் ஃபினைல்அலனினாகவும். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் நோய் தலைகாட்டி, ஏராளமான கோழிகளை அழிக்க வேண்டிவந்தது. இரண்டு எழுத்துப் பிழைக்கு இவ்வளவு விலையா என்று மனம் பதைக்கிறது. "எங்கள் பண்ணையில் இருப்பது லேசான வைரஸ்தான்" என்று அசட்டையாக இருக்க முடியாது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று இல்லை.

ஒரு சின்ன உபகதை. தடுப்பு மருந்தைக் கருவுள்ள கோழிமுட்டைகளில்தான் வளர்க்கிறார்கள். மூச்சுக்குழாயும் குடலும் வேலை செய்யாத கருவில் லசோட்டா எப்படி வளர்கிறது? முட்டைக்குள் கருவைச் சூழ்ந்த திரவத்தில், இரத்தம் உறைவதில் பங்கேற்கும் ஒரு நொதி இருக்கிறது. அது லசோட்டாவின் எஃப்பை வெட்டிக் கொடுக்கிறது. அந்த நொதி அங்கே இருந்திராவிட்டால் இந்த மருந்தை இவ்வளவு மலிவாகக் கோடிக்கணக்கில் தயாரித்திருக்க முடியாது.

சரி, உள்ளே போயாயிற்று. இப்போது கோழியின் செல் சும்மா இருக்காது. அந்நிய ஆர்.என்.ஏ.வைக் கண்டதும் எச்சரிக்கை கொடுக்கும் புரதங்கள் செல்லின் உள்ளே உண்டு. மனிதனிடமும் வாத்திடமும் இதற்கு ரிக்-ஐ, எம்.டி.ஏ.5 என்று இரண்டு காவல் புரதங்கள் இருக்கின்றன. கோழியிடம் ரிக்-ஐ இல்லை. அதன் பரிணாமத்தில் எப்போதோ தொலைந்துவிட்டது. 2010-இல் வெளியான ஆய்வு ஒன்று இதைச் சொன்னபோது, பறவைக்காய்ச்சலில் வாத்து தாக்குப்பிடிப்பதற்கும் கோழி வீழ்வதற்கும் ஒரு காரணம் புலப்பட்டது. ஆகவே கோழியின் செல்லில் காவல் பொறுப்பு எம்.டி.ஏ.5-இன் மேலேயே அதிகம் விழுகிறது.

எம்.டி.ஏ.5 வைரஸைக் கண்டுகொண்டால் செல் இன்டர்ஃபெரானை உண்டாக்கி வெளியே விடும். அக்கம்பக்கச் செல்கள் அதை உணர்ந்து வைரஸ் தடுப்பு மரபணுக்களை முடுக்கிவிடும். இன்டர்ஃபெரான் கண்டுபிடிக்கப்பட்டதே கோழிமுட்டையில்தான்: 1957-இல் லண்டனில் ஐசக்ஸும் லிண்டன்மனும் கோழிக் கருவின் சவ்வில் இன்ஃபுளுவென்சா வைரஸை வைத்துப் பார்த்தபோது கிடைத்தது.

இதற்கு வைரஸ் வைத்திருக்கும் பதில் வி என்ற புரதம். அதற்கெனத் தனி மரபணுகூட இல்லை. பி என்ற மரபணுவைப் படியெடுக்கும்போது ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு எழுத்தை வைரஸ் கூடுதலாகச் சேர்க்கிறது. அதற்குப் பிறகு வரும் வாசகம் முழுதும் மாறி, அதே மரபணுவிலிருந்து வேறொரு புரதம் பிறக்கிறது. ஆறு மரபணுவில் ஏழாவது, எட்டாவது புரதம் செய்துகொள்ளும் இந்தச் சிக்கனம் வியக்க வைக்கிறது. வி இரண்டு இடங்களில் குறுக்கிடுகிறது. ஒன்று, எம்.டி.ஏ.5-ஐப் பிடித்து அதன் எச்சரிக்கையை அடக்குகிறது. இரண்டு, இன்டர்ஃபெரானின் செய்தியைச் செல்லின் கருவுக்குக் கொண்டுபோகும் ஸ்டாட்1 என்ற புரதத்தைச் சிதைவுக்கு அனுப்பிவிடுகிறது. எச்சரிக்கை எழவும் கூடாது, எழுந்தாலும் கேட்கக் கூடாது. வி-யைக் குறைவாக உண்டாக்குமாறு மாற்றப்பட்ட வைரஸ் கோழிக் கருவைக்கூடக் கொல்ல முடியாமல் போயிற்று.

நமக்கு ஏன் இந்த நோய் பெரிதாக வருவதில்லை என்பதற்கும் வி-யில் ஒரு விடை இருக்கிறது. கோழியின் இன்டர்ஃபெரான் வழியை அடைக்கும் வி, மனிதச் செல்லில் அதைச் செய்ய இயலாமல் தோற்கிறது. தடுப்பு மருந்து தெளிப்பவர்களுக்கும் நோய்க்கோழியைக் கையாள்பவர்களுக்கும் சில நாள் கண் சிவந்து நீர் வடியும். பெரும்பாலும் அத்துடன் போய்விடும். இன்டர்ஃபெரான் வழி பழுதான புற்றுநோய்ச் செல்களில் மட்டும் இந்த வைரஸ் பெருகக்கூடும் என்பதால், அதைப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பயன்படுத்தும் முயற்சிகளும் நடந்துவருகின்றன.

வைரஸின் எம் புரதம் போன்ற மற்றவற்றுக்கும் கோழிப் புரதங்களில் கூட்டாளிகள் உண்டு. எம், கோழியின் இம்போர்ட்டின் என்ற போக்குவரத்துப் புரதத்தைப் பயன்படுத்திச் செல்லின் கருவுக்குள்ளேயே போய்வருகிறது. இப்படிப்பட்ட கூட்டாளிகளைக் கண்டுபிடிக்க, வைரஸ் பாதித்த செல்களை உடைத்து, வைரஸ் புரதத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளால் அதை வெளியே எடுத்து, அதோடு ஒட்டிக்கொண்டு வரும் கோழிப் புரதங்கள் எவை என்று நிறை அளக்கும் கருவியில் பார்க்கிறார்கள். பட்டியல் நீளமாக வரும். ஆனால் ஒட்டியது எல்லாம் நோய்க்குக் காரணம் ஆகிவிடாது. அந்தக் கோழிப் புரதத்தை நீக்கிப் பார்த்து வைரஸ் தடுமாறினால்தான் உறவு உண்மை.

அப்படி நீக்கிப் பார்த்து உயிருள்ள கோழியிலேயே காட்டியும் விட்டார்கள், வேறு நோய்களில். கோழிக்குக் கட்டிகளை உண்டாக்கும் லியூகோசிஸ் வைரஸின் ஜே வகை, செல்லின் மேலுள்ள ஒரு புரதத்தைப் பற்றித்தான் உள்ளே வரும். அதில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை எடுத்துவிட்ட கோழிகளைச் செக் நாட்டு ஆய்வாளர்கள் 2020-இல் உருவாக்கினார்கள், அவற்றை அந்த வைரஸ் தொடவில்லை. பறவைக்காய்ச்சல் வைரஸ் பெருகுவதற்குக் கோழியின் ஏ.என்.பி.32ஏ என்ற புரதம் தேவை என்று 2016-இல் தெரியவந்தது. எடின்பரோவின் ராஸ்லின் நிறுவனம் 2023-இல் அந்தப் புரதத்தில் இரண்டு அமினோ அமிலங்களை மாற்றிய கோழிகளைச் சோதித்தது. வழக்கமான அளவு வைரஸுக்குப் பத்தில் ஒன்பது தப்பின. ஆயிரம் மடங்கு கூட்டிக் கொடுத்தபோது பாதிக் கோழிகளுக்குத் தொற்றியது. வைரஸும் தன்னை மாற்றிக்கொண்டு அதே குடும்பத்தின் வேறு புரதங்களைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது. நல்ல அறிவியல்தான். ஆனால் பத்துக் கோழியை நம்பியிருக்கும் வீட்டுக்கு அது இன்னும் வெகுதூரம். அவர்கள் கைக்கு எட்டும் தீர்வு குப்பியில் இருக்கிறது.

அதனால் குப்பிக்கே திரும்புவோம். ஆர்2பி என்ற ஊசியை எட்டு வாரம் ஆன கோழிக்குத்தான் இறக்கையடியில் போடுவார்கள். குமாவுன் மலையிலேயே இருக்கும் முக்தேசுவர் ஆய்வு நிலையத்தில் உருவான வைரஸ் அது. அதன் எஃப் புரதத்தின் வெட்டும் இடம், கொடிய வைரஸின் இடத்தைப் போலவே ஃபியூரினால் வெட்டப்படக்கூடியது. முட்டைகளில் மீண்டும் மீண்டும் வளர்த்து அதன் வீரியத்தைத் தணித்திருக்கிறார்கள். முன்பே எஃப் வகைத் தடுப்பு மருந்தோ (எஃப் புரதம் அல்ல, மருந்து வைரஸின் பெயர்) லசோட்டாவோ பெற்று எதிர்ப்பொருள் வைத்திருக்கும் வளர்ந்த கோழி அதைத் தாங்கும், நீண்ட நாள் பாதுகாப்பும் பெறும். இளம் குஞ்சு தாங்காது. ஊசியே நோயாகிவிடும்.

எட்டு வாரத்துக்கு முன் ஆர்2பி போடச் சொல்பவர் யாராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, பிறகு லசோட்டா, பிறகே ஆர்2பி என்ற வரிசையை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தேதி குறித்துக்கொள்ளுங்கள். இந்த மருந்துகள் வேலை செய்ய அவற்றின் எச்.என்.னும் எஃப்பும் முழுசாக இருக்க வேண்டும். வெயிலும் குளோரினும் அவற்றைக் கெடுக்கும். ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள். குளோரின் கலந்த தண்ணீரில் கலக்காதீர்கள். கொழுப்பு நீக்கிய பால்பவுடரைச் சிறிது சேர்த்தால் மிச்சமிருக்கும் குளோரினின் கடுமை குறையும். ஏற்கெனவே கழிந்துகொண்டிருக்கும் கோழிக்கு ஊசி போட்டுப் பயனில்லை. ஆண்டுதோறும் கோடைக்கு முன் கால்நடைத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்குக் கோழிகளைக் கூடையில் எடுத்துச் செல்லுங்கள், கட்டணம் கிடையாது. கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகத் தொடங்கினால் மிச்சத்தைச் சந்தைக்கு ஓட்டாமல் மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். செத்ததைக் குளத்திலோ சாலையோரத்திலோ வீசாமல் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள்.